அரை விழுக்காடு பிசகினால் என்ன? அணு உலைக் கணக்கின் துல்லியம் பற்றி

எரிபொருள் மாற்றி முடித்த அழுத்தநீர் அணு உலை ஒன்றை மறுபடி இயக்கப் போகிறார்கள். கட்டுப்படுத்தும் தண்டுகளை மேலே தூக்கியாயிற்று. ஆனாலும் தொடர்வினை தொடங்கவில்லை. குளிர்விக்கும் தண்ணீரில் போரிக் அமிலம் கரைந்திருக்கிறது. அதிலுள்ள போரான் நியூட்ரான்களை விழுங்கிக்கொண்டே இருக்கிறது. இப்போது போரான் இல்லாத தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அதை நீர்க்கச் செய்கிறார்கள். ஒருவர் நியூட்ரான் எண்ணியின் அளவைக் குறித்து வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே வருகிறார். மேசையில் ஒரு தாள் கிடக்கிறது. கணக்குப் போட்டவர்கள் அனுப்பியது. போரான் இத்தனை பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் 1 பிபிஎம்) இறங்கும்போது தொடர்வினை தானாக நிலைத்து நிற்கும் என்று அதில் எழுதியிருக்கிறது.

தாளில் 1,300 என்று இருந்து, உலை 1,275-இல் விழித்துக்கொண்டால் யாரும் பதற மாட்டார்கள். 50 பிபிஎம் வரை வித்தியாசம் வழக்கமாக ஏற்கப்படுவதுதான். 1,200 வரை இறங்கியும் உலை விழிக்கவில்லை என்றால் வேலை நின்றுவிடும். கணக்குத் தப்பா, உள்ளே வைத்த எரிபொருள் தப்பா என்று தேட ஆரம்பிப்பார்கள்.

அந்தத் தாளிலுள்ள எண் எப்படி வருகிறது, அது ஏன் பிசகுகிறது, பிசகை எப்படிக் குறைக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. கணிதம் வேண்டாம். பொறுமை மட்டும் கொஞ்சம் வேண்டும்.

முதலில் ஒரு அளவுகோல். ஒரு தலைமுறையில் ஒரு லட்சம் நியூட்ரான்கள் இருந்து, அவை யுரேனியத்தைப் பிளந்து அடுத்த தலைமுறையிலும் சரியாக ஒரு லட்சம் நியூட்ரான்களைப் பெற்றுத் தந்தால், பெருக்கற்காரணி 1. இதுதான் மாறுநிலை. அடுத்த தலைமுறையில் ஒரு லட்சத்து ஒன்று வந்தால், அந்த ஒரே ஒரு கூடுதல் நியூட்ரானை உலைக்காரர்கள் 1 பிசிஎம் என்பார்கள். பிசிஎம் என்றால் லட்சத்தில் ஒன்று. போரானில் 1 பிபிஎம் குறைந்தால் உலைக்கு ஏறக்குறைய 6 முதல் 10 பிசிஎம் வரை கிடைக்கும். ஆக 50 பிபிஎம் பிசகு என்பது சுமாராக 300 முதல் 500 பிசிஎம். அதிகபட்சம் அரை விழுக்காடு.

பாலம் கட்டுகிறவர் தன் கணக்கு அரை விழுக்காட்டுக்குள் பொருந்தினால் விருந்து வைப்பார். உலையில் அந்த அரை விழுக்காடு ஏன் பெரிய விஷயம்? யுரேனியம் 235 பிளக்கும்போது வரும் நியூட்ரான்களில் பெரும்பாலானவை உடனே வந்துவிடுகின்றன. லட்சத்துக்குச் சுமார் 650 மட்டும் நொடிக்கணக்கில், சில சமயம் ஒரு நிமிடம் வரை தாமதித்து வருகின்றன. இந்தத் தாமத நியூட்ரான்கள் இருப்பதால்தான் உலையை மனிதரும் இயந்திரமும் நிதானமாகக் கட்டுப்படுத்த முடிகிறது. மாறுநிலைக்கு மேலே 650 பிசிஎம் போய்விட்டால் அந்தத் தாமதத்தின் உதவி இல்லாமலேயே தொடர்வினை ஓடும். புளூட்டோனியம் 239-க்கு இந்த இடைவெளி இன்னும் குறுகல், சுமார் 210 தான். அதற்காகக் கணக்குப் பிசகினால் உலை வெடித்துவிடும் என்று பொருளல்ல. போரானை மெல்ல மெல்லக் குறைத்து அணுகுவதே கணக்கை முழுதாக நம்பாமல்தான். ஆனால் உலையை நிறுத்தும் தண்டுகளுக்கு எவ்வளவு வலு, எந்த எரிபொருள் தண்டு மிகச் சூடாகும் என்ற கேள்விகளுக்கும் இதே கணக்குதான் பதில் சொல்கிறது. அங்கே பிசகுக்கு இடம் விட்டுத்தான் வடிவமைக்க வேண்டும். விடும் இடம் பெரிதாகப் பெரிதாக, உலையிலிருந்து எடுக்கக்கூடிய மின்சாரம் குறையும். இன்னொன்று: இயங்கும் உலையில் எரிபொருள் எரிய எரிய நாளொன்றுக்கு ஏறக்குறைய 2, 3 பிபிஎம் போரானைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். 50 பிபிஎம் பிசகினால், எரிபொருள் இரண்டு மூன்று வாரம் முன்பே தீர்ந்துபோகலாம்.

சரி, கணக்குப் போடுவதில் அப்படி என்ன சிரமம்? நியூட்ரான்கள் எப்படி நடமாடும் என்பதற்கான சமன்பாடு தெரிந்ததுதான். போல்ட்ஸ்மான் 19ஆம் நூற்றாண்டில் வாயுக்களுக்கு எழுதியதன் வழிவந்தது. ஒவ்வொரு இடத்திலும், ஒவ்வொரு திசையிலும், ஒவ்வொரு ஆற்றலிலும் எத்தனை நியூட்ரான்கள் போகின்றன என்று அது கேட்கிறது. பெரிய அழுத்தநீர் உலை ஒன்றின் உள்ளகத்தில், அதாவது எரிபொருள் இருக்கும் நடுப்பகுதியில், 193 எரிபொருள் கற்றைகள். கற்றைக்கு 264 தண்டுகள். மொத்தம் 50,952 தண்டுகள். ஒரு தண்டை உயரவாக்கில் 100 துண்டாகவும் குறுக்கே 10 வளையமாகவும் பிரித்தால் 5 கோடிக்கு மேல் இடங்கள். 100 திசைகள், 100 ஆற்றல் பிரிவுகள் என்று வைத்தால் தெரியாத எண்கள் 50,000 கோடியைத் தாண்டும். தண்ணீரை இன்னும் எண்ணவே இல்லை. எரிபொருள் எரிவதைப் பின்தொடர இதை மாதக்கணக்கான இயக்கத்துக்குத் திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

அதனால் பல பத்தாண்டுகளாகக் கணக்கை இரண்டு படியாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் படியில் ஒரே ஒரு கற்றையை எடுத்துக்கொண்டு, சுற்றிலும் கண்ணாடி வைத்தது போலப் பாவித்து, அதை மட்டும் மிக நுணுக்கமாகக் கணக்கிடுவார்கள். பிறகு அந்தக் கற்றையிலுள்ள வில்லை (தண்டுக்குள் அடுக்கிய எரிபொருள் உருளை), அதை மூடிய உறை, தண்ணீர் எல்லாவற்றையும் மிக்சியில் அடித்த மாதிரி ஒரே சீரான பொருளாக ஆக்கி, அதற்கு நாலைந்து சராசரி எண்களைக் கொடுப்பார்கள். இரண்டாம் படியில் இந்தச் சீரான கட்டிகளை அடுக்கி, எளிமையான விரவல் சமன்பாட்டால் முழு உள்ளகத்தையும் தீர்ப்பார்கள். மடிக்கணினியிலேயே நிமிடங்களில் முடிந்துவிடும்.

பிசகு நுழைவது இங்கேதான். கண்ணாடி வைத்தோமே, அதன் பொருள் இந்தக் கற்றையின் பக்கத்துவீட்டுக்காரரும் அச்சு அசலாக இதே மாதிரி என்பதுதான். நிஜத்தில் பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு முறை எரிந்த பழைய கற்றை இருக்கலாம். அல்லது எதுவுமே இல்லாமல் வெறும் எஃகும் தண்ணீரும் இருக்கலாம். விரவல் சமன்பாட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு: நியூட்ரான்கள் எல்லாத் திசையிலும் ஏறக்குறையச் சமமாகப் போகின்றன என்று அது நம்புகிறது. கட்டுப்படுத்தும் தண்டுக்கு அருகில் அந்த நம்பிக்கை பொய்த்துவிடும். தண்டை நோக்கிப் போகும் நியூட்ரான்கள் ஏராளம், திரும்பி வருபவை சொற்பம்.

இதைச் சரிசெய்ய வந்த உபாயங்களில் எனக்கு மிகப் பிடித்தது ஒன்று உண்டு. கற்றைகளைச் சீராக்கிய பிறகு, இரண்டு கற்றைகளுக்கு நடுவிலுள்ள எல்லையில் நியூட்ரான் அடர்த்தி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று எல்லாரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இயற்கையில் அப்படித்தானே இருக்கும்? 1970களின் இறுதியில் ஜெர்மனியில் கோப்கே, அடுத்து அமெரிக்காவில் கோர்ட் ஸ்மித், இந்த இடத்தைத் தலைகீழாக்கினார்கள். சீராக்கிய கட்டி என்பதே பொய். அந்தப் பொய்யான கட்டியில் உண்மையான விதியைக் கட்டாயப்படுத்தினால், கற்றையிலிருந்து கற்றைக்கு நியூட்ரான் கசியும் கணக்கு தப்பாகிவிடுகிறது. எனவே எல்லையில் அடர்த்தி குதிக்கட்டும். எவ்வளவு குதிக்க வேண்டும் என்பதை முதல் படிக் கணக்கே சொல்லட்டும் என்றார்கள். ஒரு கற்றைக்குச் சில எண்கள் கூடுதலாக வந்தன, அவ்வளவுதான். முழு உள்ளகக் கணக்கின் துல்லியம் சட்டென்று உயர்ந்தது. இன்றும் உலகெங்கும் உலைகளுக்கான அன்றாடக் கணக்குகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் நடக்கின்றன.

இனி வில்லைக்குள் போவோம். துல்லியத்தின் பெரும் சண்டை நடப்பது சுண்டுவிரல் நுனி அளவுள்ள இந்த உருளைக்குள்தான். வில்லையின் விட்டம் சுமார் 8 மில்லிமீட்டர். பிளவில் பிறக்கும் நியூட்ரான் சராசரியாக 20 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு வெளியே பாய்ந்து, தண்ணீரிலுள்ள ஹைட்ரஜனோடு மோதி மோதி வேகம் இழக்கிறது. 18 மோதல் போல ஆனால் அது அடங்கிவிடும். ஆனால் இறங்கும் வழியில் கண்ணிகள் இருக்கின்றன. யுரேனியம் 238-இன் அணுக்கரு, சில குறிப்பிட்ட ஆற்றல்களில் மட்டும் வெறிகொண்டு நியூட்ரானை விழுங்கும். இவற்றை ஒத்ததிர்வுகள் என்கிறார்கள். முதல் பெரிய ஒத்ததிர்வு 6.67 எலெக்ட்ரான் வோல்ட்டில் இருக்கிறது. அதே ஆற்றலோடு வில்லைக்குள் நுழையும் நியூட்ரான் ஒரு தலைமுடியின் தடிமன் தூரத்துக்குள்ளேயே பிடிபட்டுவிடும். வில்லையின் நடுவிலுள்ள யுரேனியத்துக்கு அந்த நியூட்ரான் கண்ணில்கூடப் படாது. வெளி அணுக்கள் உள் அணுக்களுக்குக் குடை பிடிக்கின்றன என்று சொல்லலாம்.

ஆக, யுரேனியம் 238 எவ்வளவு விழுங்கும் என்ற கேள்விக்கு ஒற்றை எண் கிடையாது. தண்டின் தடிமன், தண்டுகளுக்கு நடுவே உள்ள தண்ணீர், பக்கத்துத் தண்டின் நிழல் என்று எல்லாம் பதிலை மாற்றும். இத்தோடு வெப்பமும் சேர்கிறது. வில்லை சூடானால் அணுக்கருக்கள் அதிகமாக நடுங்கும். நடுங்கும் இலக்குக்கு ஒத்ததிர்வுச் சிகரம் கொஞ்சம் குட்டையாகி அகலமாகும். சிகரம் குட்டையானால் விழுங்குவது குறையும் என்றுதான் முதலில் தோன்றும். நடப்பது நேரெதிர். குட்டையான சிகரமும் போதுமான அளவு உயரம்தான், அதில் மாட்டும் நியூட்ரான் எப்படியும் தப்பாது. அகலம் கூடியதால் முன்பு தப்பித்துப் போனவையும் மாட்டுகின்றன. உலை சூடானால் தொடர்வினை தானே தளர்கிறது. பாதுகாப்புக்கு இது பெரிய வரம். கணக்குப் போடுகிறவருக்குத் தலைவலி. ஒரு டிகிரிக்கு 2, 3 பிசிஎம் என்றால், வில்லையின் சராசரி வெப்பநிலையை 50 டிகிரி தப்பாக எடுத்தாலே 100 முதல் 150 பிசிஎம் போயிற்று. வெப்பநிலையைச் சரியாகச் சொல்லவும் எளிதில்லை. வில்லை எரிய எரிய வெடிப்பு விடும், வீங்கும், உறைக்கும் அதற்கும் நடுவே உள்ள வாயு இடைவெளி மாறும். எனவே நியூட்ரான் கணக்கு, வெப்பக் கணக்கு, தண்ணீரின் ஓட்டம் மூன்றையும் தனித்தனியே போட்டு ஒட்டாமல், ஒன்றின் விடையை மற்றொன்றுக்குத் திரும்பத் திரும்ப ஊட்டி, மூன்றும் ஒத்துப்போகும் வரை சுற்ற வேண்டும்.

இதே இடத்தில் ஒரு சுவையான பாடமும் உண்டு. நியூட்ரான் விழுங்கப்படும்போது அணுக்கருவின் நடுக்கத்தைக் கணக்கில் எடுத்தவர்கள், நியூட்ரான் மோதித் தெறிக்கும்போது யுரேனியத்தை அசையாமல் நிற்பதாகவே பல காலம் பாவித்து வந்தார்கள். கனமான அணுக்கரு, நடுங்கினால் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்தார்கள். 2000களின் இறுதியில் அதையும் சேர்த்துப் போட்டபோது, எரிபொருள் வெப்பத்தின் இந்தத் தளர்த்தும் விளைவு சுமார் 10 விழுக்காடு வலுவாக வந்தது. அத்தனை ஆண்டுகளும் அது யார் கண்ணையும் உறுத்தாமல் இருந்ததுதான் யோசிக்க வைக்கிறது.

எரிதலுக்கு வருவோம். உலையில் நேற்று இருந்த பொருள் இன்று இல்லை. புது எரிபொருளின் துள்ளலை அடக்க, சில தண்டுகளில் காடோலினியம் கலப்பார்கள். காடோலினியம் 157 மெதுவான நியூட்ரானை விழுங்கும் ஆசை பிடித்தது. அதன் குறுக்குவெட்டு, அதாவது நியூட்ரானுக்கு அது காட்டும் இலக்கின் பரப்பு, 2,54,000 பார்ன். ஒரு பார்ன் என்பது ஒரு யுரேனிய அணுக்கருவின் முகப்பரப்பு அளவு என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். இந்தக் காடோலினியம் வில்லைக்குள் ஒரே சீராக எரியாது. வெங்காயம் உரிப்பது போல வெளி அடுக்கு முதலில் தீரும், பிறகு அடுத்தது. வில்லையை ஒரே பொருளாக எடுத்துக் கணக்குப் போட்டால் அது எப்போது தீரும் என்பது தப்பாகிவிடும். பத்து வளையமாவது வேண்டும். கால அடிகளும் சின்னதாக இருக்க வேண்டும். ஒரு அடி முன்னே போய்ப் பார்த்து, அங்கே கிடைத்த விடையோடு திரும்பி வந்து அதே அடியைத் திருத்தி வைப்பது வழக்கம். தெரியாத ஊரில் ஒரு தெரு முன்னே போய்ப் பார்த்துவிட்டு வந்து வண்டியை எடுப்பதைப் போல.

எரிதலில் பிறக்கும் பொருள்கள் எப்படிக் கழுத்தை அறுக்கும் என்பதற்கு 1944 செப்டம்பரில் நடந்ததே சாட்சி. அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் பி உலையை இயக்கினார்கள். சில மணி நேரம் நன்றாக ஓடியது. பிறகு காரணமே தெரியாமல் ஆற்றல் சரிந்து, உலை அணைந்தது. விட்டுவைத்தால் மணிக்கணக்கில் கழித்துத் தானே தேறியது. ஓடவிட்டால் மறுபடியும் சோர்ந்தது. பிளவில் பிறக்கும் அயோடின் 135 சிதைந்து செனான் 135 ஆகிறது, அந்தச் செனானின் அரை ஆயுட்காலம் சுமார் 9 மணி நேரம். அது நியூட்ரானை விழுங்கும் பரப்பு 20 லட்சம் பார்னுக்கும் மேல் என்ற உண்மை அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. இயற்பியலாளர்கள் கணக்குப்படி அந்த உலைக்கு 1,500 எரிபொருள் குழாய்கள் போதும். கட்டிய டூபாண்ட் நிறுவனப் பொறியாளர்கள் கணக்கை முழுதாக நம்பாமல் 2,004 குழாய்களுக்கு இடம் விட்டிருந்தார்கள். அந்தக் கூடுதல் குழாய்களை நிரப்பித்தான் உலையைக் காப்பாற்றினார்கள். இந்தப் பிசகு சமன்பாட்டைத் தீர்த்த விதத்தில் இல்லை. இவ்வளவு விழுங்கும் என்றே தெரியாத ஒரு பொருள் சமன்பாட்டில் எப்படி வரும்?

அப்படியானால் சுருக்கு வழி எதுவும் இல்லாமல், ஒவ்வொரு நியூட்ரானையும் தனித்தனியே பின்தொடர்ந்து கணக்குப் போட முடியாதா? முடியும். 1946-இல் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த கணிதவியலாளர் ஸ்டானிஸ்லா உலாம், சீட்டாட்டத்தில் வெல்லும் வாய்ப்பைக் கணக்கிடுவதை விடப் பலமுறை ஆடிப் பார்த்து எண்ணுவது எளிது என்று யோசித்ததிலிருந்து பிறந்தது மான்டி கார்லோ முறை. இன்னொரு கணிதவியலாளரான வான் நாய்மன் அதை நியூட்ரான்களுக்குப் பொருத்தினார். பகடை உருட்டி ஒரு நியூட்ரான் எங்கே மோதும், தெறிக்குமா, பிடிபடுமா, பிளக்குமா என்று தீர்மானிக்க வேண்டியது; கோடிக்கணக்கில் இப்படிச் செய்து சராசரி எடுக்க வேண்டியது. வடிவத்தைச் சீராக்கத் தேவையில்லை, ஆற்றலைப் பிரிவுகளாக நறுக்கத் தேவையில்லை. விலை கணினி நேரம்: பிசகைப் பாதியாக்க நான்கு மடங்கு நியூட்ரான்கள், பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு.

புதிதாக வருகிறவர்கள் இங்கே ஒரு பள்ளத்தில் விழுவதைப் பார்க்கலாம். கணினி நிரல் விடையின் அடியில் ‘கூட்டல் கழித்தல் 5 பிசிஎம்’ என்று அச்சடித்துக் கொடுக்கும். அதைப் பார்த்ததும் உண்மை இந்த 5-க்குள் இருக்கிறது என்று நம்பிவிடுகிறார்கள். அந்த 5, பகடை உருட்டியதில் வந்த சிதறல் மட்டும்தான். பெரிய உள்ளகத்தில் அதுவே குறைத்துக் காட்டப்படும் ஆபத்து உண்டு. ஒரு மூலையில் பிறக்கும் நியூட்ரானின் வாரிசுகள் தலைமுறை தலைமுறையாக அதே மூலையைச் சுற்றியே வாழும். அதனால் அடுத்தடுத்த தலைமுறைகள் ஒன்றுக்கொன்று சாயல் கொண்டவை, தனித்தனிச் சாட்சிகள் அல்ல. ஊரில் நூறு பேரைக் கேட்டதாக நினைத்துக்கொண்டு ஒரே குடும்பத்தில் நூறு பேரைக் கேட்ட கதைதான்.

பகடையின் முகங்களில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் யாரோ சொல்ல வேண்டுமே. எந்த ஆற்றலில் எந்த அணுக்கரு எவ்வளவு விழுங்கும், பிளந்தால் எத்தனை நியூட்ரான் வரும் என்ற தரவு ஆய்வகத்தில் அளந்து, கோட்பாட்டால் இடைவெளி நிரப்பித் தொகுத்தது. அமெரிக்காவின் ஈஎன்டிஎஃப், ஐரோப்பாவின் ஜெஃப், ஜப்பானின் ஜென்டில் ஆகியவை முதன்மையான தொகுப்புகள். யுரேனியம் 235 மெதுவான நியூட்ரானால் பிளக்கும்போது வரும் நியூட்ரான்கள் சராசரியாக 2.43 என்ற எண்ணில் அரை விழுக்காடு பிசகினால், பெருக்கற்காரணியும் ஏறக்குறைய அதே அரை விழுக்காடு பிசகும். அளவீட்டுப் பிழைகளை எல்லாம் சேர்த்துக் கணக்கில் கடத்திப் பார்த்தால், சாதாரண நீர் உலையின் பெருக்கற்காரணியில் சுமார் 500 பிசிஎம் ஐயம் தரவிலிருந்து மட்டுமே வருகிறது. ஆனால் அதே தொகுப்புகளை வைத்துச் சோதனை உலைகளைக் கணக்கிட்டால், பல சமயம் விடை 100, 200 பிசிஎம்முக்குள் பொருந்திவிடுகிறது. ஐயத்தை விடப் பிசகு குறைவாக இருக்கிறது! எப்படி?

காரணம் கொஞ்சம் சங்கடமானது. தொகுப்பவர்கள் தரவை இறுதி செய்யும்போது, பழைய சோதனைகளின் விடையோடு பொருந்துகிறதா என்றும் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் 1950களில் செய்த கோடைவா என்ற யுரேனியக் கோளம் அதில் புகழ்பெற்றது. ஆரம் 8.7 சென்டிமீட்டர், எடை 50 கிலோவுக்குச் சற்று மேல், சுற்றிலும் எதுவும் கிடையாது. அளவீட்டுப் பிழைக்குள் இருக்கும் எண்களை லேசாக நகர்த்தி, இந்தக் கோளத்துக்கு விடை சரியாக 1 வரும்படி செய்ய முடியும். பிளவில் வரும் நியூட்ரான் கொஞ்சம் அதிகமாகவும், விழுங்கல் கொஞ்சம் அதிகமாகவும் இருந்தால் இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு விடை மட்டும் சரியாக நிற்கும். அடுத்து அதே எண்களை வேறு செறிவூட்டலும் (யுரேனியம் 235-இன் பங்கு) நிறையத் தண்ணீரும் உள்ள இடத்துக்குக் கொண்டுபோனால் அந்தச் சமரசம் கலைந்துவிடும்.

உலைக் கணக்கில் துல்லியத்தின் உண்மையான எதிரி இதுதான் என்பது என் எண்ணம். பெரிய பிழை கண்ணில் படும், திருத்திவிடலாம். ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும் இரண்டு பிழைகள் பல ஆண்டுகள் மரியாதையோடு வாழும். அவற்றில் ஒன்றை நீங்கள் நேர்மையாகத் திருத்தினால், விடை முன்பைவிட மோசமாகும்! திருத்தியவர்தான் திட்டு வாங்குவார்.

அதனால் விவரமானவர்கள் கணக்கையும் அளவீட்டையும் ஒரேயடியாக ஒப்பிட்டுத் திருப்திப்பட மாட்டார்கள். பிசகைப் பங்கு பிரிப்பார்கள். அதே வடிவம், அதே தரவு, ஆனால் ஒரு தரம் விரவல் முறையிலும் ஒரு தரம் மான்டி கார்லோவிலும் போட்டால், வரும் வித்தியாசம் முறையின் பங்கு. முறையை அப்படியே வைத்துத் தரவுத் தொகுப்பை மட்டும் மாற்றினால், தரவின் பங்கு தெரியும். வளையங்களையும் கால அடிகளையும் இரட்டித்துப் பார்த்தால் நறுக்கியதன் பங்கு. பெருக்கற்காரணி என்ற ஒற்றை எண்ணோடு நிற்காமல் தண்டு தண்டாக ஆற்றலை ஒப்பிடுவார்கள். மொத்தம் சரியாக இருந்து, உள்ளே மையத்தில் கூடவும் ஓரத்தில் குறையவும் இருந்தால் அங்கே மாட்டிக்கொள்ளும். இதற்கென்றே சோதனை விவரங்களை நுணுக்கமாகத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2013-இல் வெளியிட்ட பீவர்ஸ் தொகுப்பு, மெய்யான ஒரு அழுத்தநீர் உலையின் இரண்டு சுற்று (ஒரு எரிபொருள் மாற்றத்திலிருந்து அடுத்தது வரை ஒரு சுற்று) இயக்கத்தின் அளவீடுகளைத் தருகிறது. அதில் ஒரு வேடிக்கை: வரைபடப்படி உள்ளகம் நாலாபுறமும் சமச்சீர், அளந்தபோது ஆற்றல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சமச்சீரான மாதிரியை எத்தனை கணினியில் போட்டாலும் அந்தச் சாய்வு வராது. கட்டி நிறுத்திய உலையும் காகிதத்தில் வரைந்த உலையும் மில்லிமீட்டர் கணக்கில் வேறுபடலாம், தண்ணீர் இடுக்குகளுக்கு அந்த மில்லிமீட்டர் போதும்.

தொடக்கத்தில் சொன்ன தாளுக்குத் திரும்பினால், நடைமுறையில் அந்த எண்ணோடு ஒரு திருத்தமும் சேர்ந்தே வரும். கடந்த சுற்றுகளில் கணக்கு தொடர்ந்து 20 பிபிஎம் கூடுதலாகச் சொல்லியிருந்தால், இந்த முறையும் 20-ஐக் கழித்து அனுப்புவார்கள். பிசகின் காரணம் தெரியாவிட்டாலும் அதன் பழக்கம் தெரிந்தால் போதும் என்ற ஏற்பாடு. ஒரே வகை எரிபொருள், ஒரே அடுக்கு முறை என்று போகிற வரை இது ஆச்சரியமான அளவுக்கு வேலை செய்யும். செறிவூட்டலைக் கூட்டினாலோ, காடோலினியத்தின் அளவை மாற்றினாலோ, சுற்றின் நீளத்தை நீட்டினாலோ, பழைய 20 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்தான் புதிய எண்ணை நம்பி எழுத முடியும்.